பெங்களூரா, சென்னையா, கோவையா, ஓசூரா: தொழில்நுட்ப நிறுவனத்தை எந்த ஊரில் தொடங்குவது?

கையில் ஒரு மாதிரிக் கருவி இருக்கிறது, அல்லது ஓடத் தொடங்கிய மென்பொருள் இருக்கிறது. கூட இரண்டு மூன்று நண்பர்கள். "பெங்களூருக்குப் போயே ஆகணுமா? சென்னையிலேயே இருந்தால் ஆகாதா? கோவையில் வாடகை பாதிதானே?" என்று வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பலர் வாடகை, மானியம், கட்டடம் ஆகிய மூன்றையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். மூன்றும் இரண்டாம்பட்சம். ஓர் ஊர் எதனால் தொழில்நுட்ப ஊராக ஆனதோ அதை உங்களுக்கும் கொடுக்கும். அதனிடம் இல்லாததை எந்த அரசாணையாலும் கொடுக்க வைக்க முடியாது.

ஊர் எப்படி அப்படி ஆகிறது? பெரும்பாலும் பழைய நிறுவனம் ஒன்றிலிருந்து ஆட்கள் வெளியேறுவதால்தான். 1957-இல் டிரான்சிஸ்டர் விஞ்ஞானி ஷாக்லியின் ஆய்வகத்திலிருந்து எட்டுப் பேர் கிளம்பி ஃபேர்சைல்டு என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து சிலிக்கான் பள்ளத்தாக்கின் வம்சாவளி கிளை பிரிகிறது. நம் ஊரிலும் அதே கதைதான். சென்னை மென்பொருள் நிறுவனமான ஸோஹோவில் வேலை பார்த்தவர்கள் ஃப்ரெஷ்வொர்க்ஸை 2010-இலும் சார்ஜ்பீயை 2011-இலும் தொடங்கினார்கள். ஃபிளிப்கார்ட்டிலிருந்து வெளியேறியவர்கள் ஃபோன்பே, உடான் போன்றவற்றைத் தொடங்கினார்கள். வேலையை விட்டவர் போட்டி நிறுவனம் தொடங்கக்கூடாது என்ற நிபந்தனை கலிஃபோர்னியாவில் செல்லாது. இந்தியாவிலும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. சட்டம் நாடெங்கும் ஒன்றுதான் என்பதால், விட்டு வெளியேறத் தக்க பழைய நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது, அது எந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது என்பதில்தான் வித்தியாசம். தரமணி டைடல் பூங்கா 2000-இல் திறந்தது, நிறைய வேலையும் கொடுத்தது. ஆனால் சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்கும் சென்னை நிறுவனங்களின் வேர், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோவில் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடத்தை எண்ணி ஊரை மதிப்பிடாதீர்கள்.

## முதலில் அளவுகோல்கள்

இரண்டாவது பத்துப் பேர். முதல் பத்துப் பேரை நட்பு, கல்லூரி, சொந்தம் என்று எப்படியாவது சேர்த்துவிடலாம். ஊரின் குணம் பதினோராவது ஆளைத் தேடும்போதுதான் தெரியும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உங்களுக்குத் தேவையானதில் மிகக் கடினமான பதவி ஒன்றை எடுங்கள்: மோட்டார் கன்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுதுபவர், அமெரிக்கச் சிறு நிறுவனங்களுக்கு விற்றுப் பழகியவர், இப்படி. லிங்க்ட்இன், நௌக்ரி இரண்டிலும் ஊர் பெயரும் 4 முதல் 8 ஆண்டு அனுபவமும் கொடுத்து வடிகட்டி, தலைகளை எண்ணுங்கள். முப்பதுக்குக் கீழே வந்தால் அந்த ஆளை வெளியூரிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கும். பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள், மீதியில் பலருக்குச் சம்பளம் ஒத்துவராது, கடைசியில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள்.

முதல் வாடிக்கையாளர். காலையில் கிளம்பிப் போய், அவர் இடத்தில் நின்று கோளாறைப் பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்ப முடியுமா? கருவி விற்பவருக்கு முதல் ஐந்து வாடிக்கையாளர்கள் இந்தத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்கும் மென்பொருளுக்கு இது பொருந்தாது.

ஒரு சுற்றுக்கு எத்தனை நாள். வரைபடம் கொடுத்து, பாகம் வாங்கி, பூட்டி, சோதித்து, தப்பைக் கண்டுபிடித்து, மறுபடி வரைபடம். இந்தச் சுற்று 12 நாளில் முடிகிற ஊருக்கும் 35 நாளாகிற ஊருக்கும் ஓர் ஆண்டில் இருபது சுற்று வித்தியாசம்.

பணம் எப்படிப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சி விகிதம் கேட்கும் பணமா, லாபம் எப்போது என்று கேட்கும் பணமா?

கிளம்பும் செலவு. தப்பான ஊர் என்று இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தால் மாறுவதற்கு என்ன ஆகும்?

வாடகை இந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் எளிய கணக்கு. 15 பேர், சராசரி மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். சம்பளம் மட்டும் 9 லட்சம். இருக்கை ஒன்றுக்கு 3,000 ரூபாய் குறைவாகக் கிடைத்தால் மிச்சம் 45,000, அதாவது சம்பளத்தில் 5 சதவீதம். முக்கியமான ஒரு பொறியாளர் இடம் மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் அந்த மிச்சம் போன இடம் தெரியாது.

## ஒரே பார்வையில்

| | பெங்களூரு | சென்னை | கோவை | ஓசூர் |
|---|---|---|---|---|
| எதனால் வளர்ந்தது | பொதுத்துறை, ஆய்வு நிறுவனங்கள், பின்னர் பன்னாட்டு நிறுவனங்கள் | கார் ஆலைகள், ஐஐடி, ஸோஹோ | பஞ்சாலை, பம்பு, வார்ப்பு | சிப்காட், மோட்டார் வாகனம் |
| எளிதில் கிடைக்கும் ஆள் | எல்லா மட்டத்திலும், விலை கூட | மென்பொருள் விற்பனை, சப்போர்ட், வாகன எலெக்ட்ரானிக்ஸ் | இயந்திரப் பொறியாளர், புதிதாகப் படித்து வருவோர் | உற்பத்தி மேற்பார்வை, ஆபரேட்டர் |
| கிடைக்கத் திணறும் ஆள் | நிலைத்து நிற்பவர் | மூத்த பிராடக்ட் மேலாளர், டிசைனர் | மூத்த மென்பொருளாளர் | ஏறக்குறைய எல்லா மென்பொருளாளரும் |
| பணம் | வென்ச்சர் முதலீடு (வேக வளர்ச்சி கேட்கும் நிதி நிறுவனப் பணம்) | ஏஞ்சல் (தனிநபர் முதலீடு), ஓரளவு வென்ச்சர் | குடும்பப் பணம், வங்கிக் கடன் | பெங்களூரைச் சார்ந்தது |
| மறைந்திருக்கும் செலவு | ஆஃபர் வாங்கிவிட்டு வராமல் போவது | ஊருக்குள் உள்ள தூரம், மழை | சிறு ஆர்டர் பின்னுக்குப் போவது | இரண்டு மாநிலக் கணக்கு |

## பெங்களூரு

1909-இல் இந்திய அறிவியல் கழகம், 1940-இல் எச்.ஏ.எல்., 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பின்னர் இஸ்ரோ. இவையெல்லாம் சேர்ந்து ஊரில் பொறியாளர்களைத் தேக்கி வைத்திருந்ததால்தான் 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் வடிவமைப்பு மையத்தை அங்கே வைத்தது. அதன்பின் வந்தவர்களும் அதே வழியில் வந்தார்கள். 2018-இல் வால்மார்ட் சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கியபோது, பங்கு வைத்திருந்த ஊழியர்கள் கையிலும் காசு புரண்டது. அப்படிப்பட்டவர்கள்தான் அடுத்த தலைமுறை நிறுவனங்களுக்கு முதல் காசோலை எழுதுகிறார்கள். வேறெந்தத் தென்னிந்திய ஊரிலும் இந்தச் சுழற்சி இந்த அளவுக்கு நடந்ததில்லை.

18 மாதத்துக்கு ஒருமுறை முதலீடு திரட்டியே ஆகவேண்டிய தொழிலானால் பெங்களூருதான். உங்கள் வாடிக்கையாளரே இன்னொரு ஸ்டார்ட்அப் என்றாலும் (சம்பள மென்பொருள், பேமென்ட் கருவி, டெவலப்பர் கருவி) அங்கேதான். செயற்கைக்கோள் உறுப்பு செய்பவருக்கும் அதே பதில்: யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையமும் அதற்கு வேலை செய்து பழகிய சிறு பட்டறைகளும் அந்த ஊரில் இருக்கின்றன. மின்சாதனச் சோதனைக்கு சி.பி.ஆர்.ஐ., இயந்திரக் கருவிகளுக்கு சி.எம்.டி.ஐ. என்று மத்திய அரசுக் கூடங்களும் உண்டு.

மறைந்திருக்கும் செலவு ஆள் சேர்ப்பில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 60 முதல் 90 நாள். உங்கள் ஆஃபரை வாங்கிக்கொண்டு அந்த 90 நாளில் வேறு இரண்டு இடத்தில் அதைக் காட்டி விலையை ஏற்றிவிட்டு, சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் ஃபோனை எடுக்காமல் இருப்பது அங்கே சகஜம். இரண்டு இடத்துக்கு மூன்று ஆஃபர் கொடுப்பது, வாரம் ஒருமுறை பேசுவது, நோட்டீஸ் நாள்களை விலை கொடுத்துக் குறைப்பது என்று சமாளிக்கிறார்கள். பன்னாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள் கொடுக்கும் சம்பளத்தோடு பணத்தால் மோத முடியாது. பங்கு கொடுத்துத்தான் மோத வேண்டும். இன்னொன்று: வைட்ஃபீல்டில் வீடும் எச்.எஸ்.ஆரில் அலுவலகமும் இருப்பவர் ஆறு மாதத்தில் சலித்துவிடுவார். இடம் பார்க்கும் முன் முதல் ஐந்து பேரின் வீடு எங்கே என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

கையிருப்பு ஓர் ஆண்டுக்குக் குறைவு, வாடிக்கையாளர் ஆலை முதலாளி என்றால் பெங்களூரு வேண்டாம்.

## சென்னை

சென்னையை ஒரே தொழில்நுட்ப ஊராக நினைப்பதுதான் முதல் தப்பு. அங்கே மூன்று ஊர் இருக்கின்றன, ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை.

முதலாவது, பழைய மாமல்லபுரம் சாலையைச் சுற்றியுள்ள மென்பொருள் ஊர். நேரில் போகாமல் இணையத்திலும் ஃபோனிலும் வெளிநாட்டுச் சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் கலையை ஸோஹோ வளர்த்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் அதையே பெருக்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக் வரை போனது. அதனால் சென்னையில் எளிதாகக் கிடைப்பவர் யார் என்றால், இரவு ஷிஃப்டில் டெமோ கொடுத்து, விலை பேசி, மறுநாள் சப்போர்ட் டிக்கெட்டையும் மூடிவிடும் ஆள். மாதம் 50 டாலர் சந்தா வாங்கும் மென்பொருளுக்கு இவரைவிட முக்கியமானவர் யாருமில்லை. உங்கள் பொருள் அப்படிப்பட்டதென்றால் பெங்களூருக்குப் போவது பணத்தை விரயம் செய்வது.

இரண்டாவது, ஐஐடி மெட்ராஸ். அதன் ஆய்வுப் பூங்கா 2010-இல் தரமணியில் தொடங்கியது. அங்கே இடம் எடுக்கும் நிறுவனம் ஐஐடியோடு சேர்ந்து ஆய்வு செய்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். வெறும் வாடகைதாரராக உட்கார முடியாது. அக்னிகுல் 2017-இல் இந்தச் சூழலில் பிறந்தது. ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டைப் பறக்கவிட்டது. எரிதல் ஆய்வுக்கான தேசிய மையம் வளாகத்துக்குள், ஏவுதளம் சில மணி நேரத் தொலைவில். இந்தச் சேர்க்கை நாட்டில் வேறெங்கும் அமையாது.

இதில் கவனிக்க வேண்டியது உரிமை. கல்லூரி ஆய்வகத்தில், பேராசிரியர் திட்டத்தில் பிறந்த தொழில்நுட்பம் கல்லூரிக்குச் சொந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். உரிம ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் முதலீட்டாளரிடம் போனால், அவருடைய வக்கீல் கேட்கும் முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிடும். நிறுவனம் பதிவு செய்த மாதமே இந்தப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். கல்லூரிக் குழுக்கள் கூடிக் கலைய மாதங்கள் ஆகும்.

மூன்றாவது ஊர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர். 1990-களின் நடுவில் ஹூண்டாயும் ஃபோர்டும் வந்ததிலிருந்து உதிரிபாக நிறுவனங்கள் இங்கே குவிந்தன. வாகனச் சோதனைக்கு ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. மின்காந்த இடையூறு சோதனைக்கு (கருவி பக்கத்துக் கருவியைக் குழப்புகிறதா என்று பார்ப்பது) தரமணிப் பக்கம் சமீர் மையம் இருக்கிறது. இந்தச் சோதனையில் முதல் தடவை தோற்பது சாதாரணம் என்பதால், கூடத்துக்குப் போகும்போது ஃபெரைட் வளையம், செம்பு நாடா, மாற்று போர்டு இரண்டு, அங்கேயே பற்றவைக்கத் தெரிந்த ஆள் ஒருவர் என்று கிளம்புங்கள். இரண்டாவது தேதியையும் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். தோற்றபின் தேதி கேட்டால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. தரமணிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். ஆலைக்கு ஒருமுறை போய்வந்தால் அந்த நாள் முடிந்தது. அடுத்தது மழை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணைப் பக்கத்தை என்ன செய்தன என்று ஊருக்கே தெரியும். அலுவலகம் பார்க்கும்போது தரைத்தளமா, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது (அடித்தளத்தில் இருந்தால் மழையன்று அது இல்லாததற்குச் சமம்), போன தடவை தண்ணீர் எதுவரை வந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள், எதிர்க்கடை டீ மாஸ்டரிடம் கேளுங்கள்.

## கோவை

கோவையின் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகளுக்கு பம்பும் மோட்டாரும் தேவைப்பட்டன. ஆலைக்கு உதிரி செய்த பட்டறைகள் ஆலை இயந்திரமே செய்யத் தொடங்கின. ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவது இங்கே அதிசயமில்லை. அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. மூன்றும் 1945-க்கும் 1956-க்கும் இடையே வந்துவிட்டன.

ஆகவே கோவை கொடுப்பது இரும்பு, மோட்டார், வார்ப்பு, லேத், சி.என்.சி. விவசாயக் கருவி, மோட்டார் கன்ட்ரோலர், ஆலைக்குள் பொருத்தும் சென்சார், சிறு ரோபோ ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. பாகம் செய்பவர், அதைச் சோதிக்கும் சிட்டார்க் ஆய்வகம், வாங்கக்கூடிய முதலாளி மூன்றும் அரை மணி நேர ஓட்டத்துக்குள். கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ காலையில் சுற்றினால் மாலைக்குள் மூன்று கொட்டேஷன் வாங்கிவிடலாம்.

ஆனால் கொட்டேஷன் வேறு, பாகம் வேறு. மாதம் 5,000 துண்டு போடும் பட்டறைக்கு உங்கள் 5 துண்டு ஒரு தொந்தரவு. "பதினைஞ்சு நாள்ல தந்துடறனுங்க" என்பது நாற்பது நாளாகும். காரணம் அலட்சியம் இல்லை: மாதக் கடைசியில் பெரிய வாடிக்கையாளர் சரக்கு போகவேண்டும், உங்கள் வேலைக்காக மெஷினின் செட்டிங்கைக் கலைத்தால் அவருக்கு அரை நாள் நட்டம். சமாளிக்கும் வழிகள்:

- செட்டிங் கூலியைத் துண்டு விலையிலிருந்து பிரித்துத் தனியாகக் கொடுங்கள். சிறு ஆர்டரில் பட்டறைக்காரர் பயப்படுவதே அதற்குத்தான்.
- ஆர்டரை மாதத்தின் முதல் பத்து நாளில் போடுங்கள். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி முடியும்வரை எதையும் நம்பாதீர்கள்.
- முப்பரிமாணக் கோப்பு மட்டும் போதாது. டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது), மெட்டீரியல் கிரேடு, மேற்பரப்பு மெருகு குறித்த தாள் வரைபடம் வேண்டும். டாலரன்ஸ் எழுதாத இடத்தில் பட்டறை தன் வழக்கப்படி செய்யும். பேரிங் உட்காராது, பழி யார்மேலும் போடமுடியாது.
- வார்ப்புக்கு முதல் சுற்றில் மரப் பேட்டர்ன் (அச்சு எடுக்கும் மாதிரி வடிவம்) போதும். வடிவம் உறுதியாகும் முன் அலுமினியப் பேட்டர்ன் போட்டுவிட்டு ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதை வெட்டி ஒட்டுவது புதியவர்கள் செய்யும் தப்பு.

மென்பொருளுக்குக் கோவை? கல்லூரி முடித்து வருபவர்களைச் சேர்த்து ஓர் ஆண்டு பழக்கப் பொறுமை இருந்தால் சரி; வந்தவர்கள் நிற்பார்கள். பெங்களூரில் பத்து ஆண்டு இருந்துவிட்டுப் பெற்றோருக்காக ஊர் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு, கிடைத்தால் பொக்கிஷம். மூத்தவர் ஐந்து பேரை ஒரே காலாண்டில் சேர்க்கவேண்டும் என்றால் கோவையால் முடியாது.

பணமும் கோவையின் குணத்தையே கொண்டது. ஆலை, ஃபவுண்டரிக் குடும்பங்கள் முதலில் லாபம் கேட்கும், சொத்து ஈடு பற்றியும் கேட்கும். ஐந்து ஆண்டு நட்டத்தில் ஓடி சந்தையைப் பிடிக்கும் கதை அங்கே விற்காது. அதே குடும்பம் முதல் வாடிக்கையாளராக வந்தால் தொகை சரியாக வரும், இன்னும் நான்கு ஆலைக்குச் சிபாரிசும் வரும். அவர்களிடம் முதலீடு கேட்பதைவிட பர்சேஸ் ஆர்டர் கேட்பது நல்லது.

## ஓசூர்

மூளை பெங்களூரில், கை ஓசூரில் என்ற ஏற்பாட்டுக்கு மின் ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர் நல்ல உதாரணம். 2013-இல் ஐஐடி மெட்ராஸில் பிறந்து, பெங்களூருக்கு இடம் மாறி, முதலில் வைட்ஃபீல்டில் ஸ்கூட்டர் செய்து, பிறகு ஓசூரில் ஆலை போட்டது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் வளர்த்த உதிரிபாகப் பட்டறைகளும் ஆபரேட்டர்களும் அங்கே தயாராக இருந்தார்கள். மாதம் சில நூறு அலகுக்குமேல் உற்பத்தி தொடங்கும்போது ஓசூரை யோசிக்கலாம். அதற்குமுன் போனால் டிசைன் பொறியாளரும் ஆலையும் தினமும் எல்லைக்கு இரு பக்கமும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு மாநிலம் என்றால் இரண்டு ஜி.எஸ்.டி. பதிவு, இரண்டு தொழில் வரி. ஒரே நிறுவனத்தின் பொருளாகவே இருந்தாலும் அலுவலகத்திலிருந்து ஆலைக்கு அனுப்பினால் வரி விலைப்பட்டியல் போடவேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கென்றால் இ-வே பில்லும் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இரண்டு கிளைக்கும் பொதுவான சேவைகளின் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.) பங்கிடத் தனிப் பதிவும் கட்டாயம். பகுதி நேரக் கணக்கர் ஒருவருக்கு இது நிச்சயம் கூடுதல் வேலை.

விழுப்புரம், சேலம், தஞ்சாவூரில் மினி டைடல் (டைடலின் சிறு தொழில்நுட்பப் பூங்கா) வந்திருக்கிறது. தென்காசியருகே ஸோஹோ அலுவலகம் 2011-லிருந்து ஓடுகிறது. ஆளைத் தானே பயிற்றுவித்து எடுக்கும் வலிமை உள்ள நிறுவனத்துக்கு இவை பொருந்தும். பத்துப் பேர் நிறுவனத்துக்குப் பொருந்தாது.

## மானியத்துக்காக ஊர் தேர்ந்தெடுக்கலாமா?

தமிழ்நாட்டின் டான்சீட் நிதித் திட்டத்தில் அடிப்படையாக 10 லட்சம் ரூபாய். கர்நாடகத்தின் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் வரை. இரண்டுக்கும் அந்தந்த மாநிலத்தில் பதிவு வேண்டும். மத்திய அரசின் விதை நிதித் திட்டத்தில் மாதிரி செய்ய 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடனாக என்று இன்குபேட்டர் (புதிய நிறுவனங்களை வளர்க்கும் மையம்) வழியாக வருகிறது. இதற்கு எந்த ஊர் என்பது பொருட்டல்ல. பணம் தவணையாகத்தான் வரும் என்பதால், அதை நம்பிச் சம்பளத் தேதியைக் குறிக்காதீர்கள். 15 பேர் நிறுவனத்துக்கு 10 லட்சம் ஒரு மாதச் சம்பளம். ஒரு மாதச் சம்பளத்துக்காக ஐந்து ஆண்டு முகவரியை முடிவு செய்வது கட்டுப்படியாகாது.

## முகவரியும் ஆட்களும் ஒரே இடத்தில் இருக்கவேண்டியதில்லை

பதிவு அலுவலகம், ஆய்வகம், ஆலை, விற்பனைக் குழு நான்கையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். சென்னை–பெங்களூரு வந்தே பாரத் நாலரை மணி நேரத்துக்குள் போகிறது, சென்னை–கோவை சுமார் ஆறு மணி நேரம். கோவையில் ஆய்வகம் வைத்து மாதம் ஒருமுறை பெங்களூரில் முதலீட்டாளரைப் பார்ப்பது முடியாத காரியமில்லை. தினமும் முகம் பார்த்துப் பேசவேண்டிய இருவரை (டிசைன் செய்பவரும் சோதிப்பவரும், அல்லது பொருளை உருவாக்குபவரும் விற்பவரும்) மட்டும் பிரிக்காதீர்கள்.

பதிவு முகவரியில் அவசரம் வேண்டாம். ஒரே ஊருக்குள் மாற்றுவது எளிது. தமிழ்நாட்டில் நிறுவனப் பதிவாளர் சென்னையிலும் கோவையிலுமாக இருவர் இருப்பதால், கோவையில் பதிந்த நிறுவனத்தைச் சென்னைக்கு மாற்றக்கூட மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநர் ஒப்புதல் வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் என்றால் சிறப்புத் தீர்மானம், அமைப்பு ஆவணத்தில் (மெமோராண்டம்) திருத்தம், ஐ.என்.சி-23 படிவம், ஆங்கிலத்தில் ஒன்றும் வட்டார மொழியில் ஒன்றுமாக நாளிதழ் விளம்பரம், கடன்கொடுத்தோர் பட்டியல், மாநிலத் தலைமைச் செயலாளருக்கு அறிவிப்பு, ஊழியரை ஆட்குறைப்பு செய்யமாட்டோம் என்ற உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் சேரும். மண்டல இயக்குநர் 60 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஆவணம் தயாரிப்பதிலிருந்து எண்ணினால் நான்கைந்து மாதம் ஒதுக்கி வையுங்கள். அந்த மாதங்களில் முதலீட்டுச் சுற்றையும் திறந்துவிட்டால் ஒவ்வொரு ஆவணத்திலும் எந்த முகவரி என்ற கேள்வி எழும். முதலீட்டாளர் ஊர் மாறச் சொன்னால், சுற்றை முடித்துப் பணம் வங்கிக்கு வந்தபின் மாறுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.